சடையங்குப்பத்தின் வரைபடம்

இணைய வரைபடம் தயாரிப்பது குறித்து ஒரு கல்லூரி நடத்தும் பாடத்தில் சென்ற ஆண்டு சேர்ந்தேன். வகுப்பறை இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, தேர்வுத் தேதியும் இல்லை. பணத்தைக் கட்டினால் ஒளிப்பதிவுப் பாடங்கள் திறந்துகொள்ளும். ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். 'உங்கள் வேகத்தில் கற்கலாம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். மணலியில் ஷிப்டு வேலை பார்ப்பவனுக்கு வேகம் என்று நிலையான ஒன்று கிடையாது. பகல் ஷிப்டு வாரத்தில் ஒன்று, இரவு ஷிப்டு வாரத்தில் இன்னொன்று. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில் அதுவும் இல்லை. (அந்தச் சாலைக்கு எண்ணூர் விரைவுச் சாலை என்று பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருந்திருக்க வேண்டும்.) பாதிப் பாடங்களைப் பேருந்தில் கைபேசியிலும், மீதியைத் திருவொற்றியூர் வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு கணினியிலும் பார்த்தேன்.

கதையும் கவிதையும் படிக்கும் நண்பர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. ஆனால் வரைபடம் என்பது நம் நகரத்துக்கு அந்நியமான கல்வி அன்று. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர், 1794இல் மதராஸில் தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே சங்கிலி பிடித்து அளந்த அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் அளவை புறப்பட்டது. அன்று கற்றவர்கள் கும்பினிக்காக நிலத்தை அளந்தார்கள். இன்று அதே வித்தையை, சம்பளத்தில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்து எவரும் கற்கலாம். டேராடூனில் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 2007 முதல் தொலைநிலையில் இத்தகைய பாடங்களை நடத்திவருகிறது. லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில், ஒரு கணக்கைத் திறந்துகொண்டால் போதும், நம் தெருவை நாமே வரையலாம்.

முதல் பாடம் உலகத்தைச் சதுரங்களாக வெட்டுவது. திரையில் நாம் விரலால் நகர்த்தும் வரைபடம் ஒரே படம் போலத் தோன்றினாலும், அது 256 புள்ளி அகலமும் 256 புள்ளி உயரமும் கொண்ட துண்டுகளின் அடுக்கு. மிகத் தொலைவிலிருந்து பார்த்தால் முழு உலகமும் ஒரே துண்டு. ஒரு படி நெருங்கினால் நான்கு, இன்னொரு படிக்குப் பதினாறு. பதினெட்டாம் படியில் 6,871 கோடிக்கும் மேற்பட்ட துண்டுகள். அந்தப் படியில் ஒரு துண்டு நம் பகுதியில் ஏறத்தாழ 150 மீட்டர் அகலத்தைக் காட்டும். சடையங்குப்பத்தில் வீடுகள் இருக்கும் இடமெல்லாம் சில டஜன் துண்டுகளுக்குள் அடங்கிவிடும். ஆறாயிரத்துச் சொச்சம் கோடியில் நாம் இத்தனைதான் என்று நினைத்தபோது, ஏனோ சிறுமையாகத் தோன்றவில்லை, பாதுகாப்பாகத் தோன்றியது. அந்த உணர்வு நெடுநாள் நிலைக்கவில்லை.

அடுத்து அட்சரேகை, தீர்க்கரேகை. ஜியோஜேசன் என்னும் கோப்பு வகை தீர்க்கரேகையை முதலில் எழுதும். அதைத் திரையில் காட்டும் லீஃப்லெட் என்னும் நிரல் நூலகம் அட்சரேகையை முதலில் கேட்கும். வரிசை மாறினால் சடையங்குப்பம் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் மிதக்கும். ஆசிரியர் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோனார். இரண்டு எண்கள் இடம் மாறினால் ஓர் ஊர் தண்ணீருக்குள் போய்விடும் என்பதை எங்கள் பக்கத்து ஆட்களால் அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியாது.

சடையங்குப்பம் என் அம்மா பிறந்த ஊர். பெரியம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். 2011இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது ஊராட்சியாக இருந்த ஊர் மாநகரத்தின் பகுதியாயிற்று. தெற்கே மணலியின் ஆலைகள். கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் எண்ணூர்க் கழிமுகமும். பூண்டி ஏரியிலிருந்து வரும் கொசஸ்தலை ஆறு மணலிப் புதுநகர், இடையஞ்சாவடி, சடையங்குப்பம் ஓரமாக ஓடி எண்ணூரில் கடலைச் சேர்கிறது. ஓடி என்று எழுதியது பழக்கத்தால். அங்கே ஆறு ஓடுவதைவிட நிற்பதும், சில வேளைகளில் திரும்பி வருவதும்தான் அதிகம். சென்னைக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். தட்டையான உப்பு நிலத்தில் அந்த ஒரு மீட்டர் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பது இறால் பிடிப்பவர்களுக்குத் தெரியும். காலையில் நடந்துபோன இடத்தில் மாலையில் படகு நிற்கும்.

என் திரையில் இருந்த அடிப்படை வரைபடத்திலோ ஆறு சீரான நீலப் பட்டை. அதன் இரு பக்கமும் தெளிவான கரைகள். அதற்கு அப்பால் வெறும் சாம்பல் நிறம். அலையாத்தி, சேறு, உப்பளம், சாம்பல் குட்டை எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம்.

நிறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் எண்ணூர் வரைபடங்களின் கதையை அறிந்துகொள்ள வேண்டும். 1996இல் ஒப்புதல் பெற்ற தமிழ்நாட்டின் கடற்கரை மேலாண்மைத் திட்டத்தில் எண்ணூர்க் கழிமுகம் வளர்ச்சிப் பணிகளுக்கு இடமில்லாத, மிகுந்த பாதுகாப்புப் பெற்ற பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் புழக்கத்துக்கு வந்த வேறொரு படத்தில் அந்த நீர்ப்பரப்பு இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற ஆவணங்களை முன்வைத்து, 6,469 ஏக்கர் கழிமுகம் படத்திலிருந்து மறைந்துவிட்டதாக 2017இல் சூழலியலாளர்கள் குற்றம்சாட்டினார்கள். டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' அதே ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது; அதன் காட்சிகள் எண்ணூரில் படமாக்கப்பட்டவை. பாடலைப் பற்றி நண்பர்கள் பலர் எழுதினார்கள். வரைபடத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. மண் கொட்டி ஆற்றைத் தூர்ப்பதற்கு லாரிகள் வேண்டும், காலம் வேண்டும். ஒரு படத்தில் அதன் நிறத்தை மாற்றுவதற்கு ஒரு பிற்பகல் போதும் என்பதைப் பாடத்தின் நான்காம் பகுதியை முடித்த அன்று நானே நிரப்பு நிறத்தை மாற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இறுதிப் பயிற்சிக்கு ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வரைபடம் செய்ய வேண்டும். மாதிரியாகக் கொடுத்த தரவுகள் வேறொரு நாட்டு நகரத்தின் சைக்கிள் நிறுத்தங்களும் காப்பிக் கடைகளும். நான் சடையங்குப்பத்தின் வெள்ளத்தை எடுத்துக்கொண்டேன். 2015 டிசம்பர், பூண்டி திறந்துவிடப்பட்ட 2021 நவம்பர், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர் என மூன்று வெள்ளங்கள். கடைசி வெள்ளத்தில் மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குப் போனது பலருக்கும் நினைவிருக்கும்.

தண்ணீர் எங்கே எவ்வளவு நின்றது என்பதை அறிய ஒரு வழியைப் பாடம் சொல்லிக்கொடுத்தது. விண்கலத்திலிருந்து அளந்த நில உயரத் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன; அவற்றை இறக்கி, தாழ்வான இடங்களை நீலமாக்கலாம். செய்து பார்த்தால் ஊர் முழுவதும் புள்ளி புள்ளியாக மேடும் பள்ளமும் தெரிந்தது. அந்தத் தரவின் உயரக் கணக்கில் சில மீட்டர் பிசகு இருப்பது இயல்பு என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. மலைநாட்டுக்கு அது பொருட்டில்லை. முழங்காலுக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு குடும்பம் வீட்டில் இருப்பதா, வெளியேறுவதா என்று முடிவு செய்யும் ஊரில் சில மீட்டர் என்பது எல்லாமும்தான். ரேடார் செயற்கைக்கோள் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். ஆனால் அது ஊரைக் கடக்கும் நேரத்தில் தண்ணீர் உச்சத்தில் நின்றிருக்க வேண்டுமே.

ஆகவே பெரியம்மாவிடம் போனேன். அவர் தன் வீட்டு நிலைப்படியில் நின்று கையை வைத்துக் காட்டினார். "பதினஞ்சுல இங்க. பூண்டி தொறந்தப்ப இதோ, இது மட்டும். போன தபா என் இடுப்பு மட்டும் வந்துச்சுடா கண்ணு." பக்கத்து வீட்டு அக்கா, தன் பையனின் கழுத்தளவு என்றார். எந்த வயதுப் பையன்? அன்றைக்கு ஆறு வயது. இப்போது மீசை அரும்பிவிட்டது. ஒரு தாத்தா, அடுப்பு மேடை முழுகவில்லை, அதன்மேல் வைத்த அரிசிப் பானை தப்பித்தது என்றார். தரவுக் கோப்பில் 'ஆழம்' என்ற கட்டத்தில் எண் மட்டும்தான் ஏறும். நான் அளவு நாடாவால் நிலைப்படியையும் அடுப்பு மேடையையும் அளந்து சென்டிமீட்டரை ஒரு கட்டத்திலும், அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே இன்னொரு கட்டத்திலும் எழுதினேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நாடாவால் அளந்ததையும் பிறர் சுவரில் காட்டியதையும் ஒப்பிட்டால் ஒரே தெருவில் ஒரு சாணுக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. செயற்கைக்கோளைவிடத் துல்லியமான கருவி எது என்று ஆசிரியரிடம் கேட்கலாம் என்றிருந்தேன். அவர் ஒளிப்பதிவில் இருப்பவர், கேள்வி கேட்க முடியாது.

மூன்றாம் ஞாயிறு ஒரு பெண்மணி அளக்கவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்: "இத்த பாத்துட்டு, இங்க தண்ணி நிக்குது, நீங்கல்லாம் காலி பண்ணுங்கன்னு சொல்லிட மாட்டாங்களே, தம்பி?"

என்னிடம் உடனடிப் பதில் இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் அடுக்கு வீடுகளுக்கு அனுப்பப்பட்டதை அவரும் அறிவார், நானும் அறிவேன். வெள்ள அபாயம் என்ற சொல்லுக்கு அங்கே இருந்த பொருள் அதுதான். பட்டா உள்ளவன் வீட்டில் தண்ணீர் நின்றால் வடிகால் கேட்கலாம். பட்டா இல்லாதவன் வீட்டில் நின்றால் அந்தத் தண்ணீரே அவனுக்கு எதிரான சாட்சி. நான் செய்துகொண்டிருந்தது, ஒவ்வொரு கூரைக்கும் ஒரு புள்ளியும் அந்தப் புள்ளிக்குள் ஓர் ஆழமும் வைத்துத் தேதியுடன் உலகத்துக்குக் கொடுப்பது. படத்தில் இல்லாமல் போனதால் கழிமுகத்துக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தோம். படத்தில் மிகத் துல்லியமாக இருப்பதால் இந்த வீடுகளுக்கு என்ன நேரும்?

அதிகம் பெரிதாக்க முடியாதபடி படிநிலையைப் பதினைந்தோடு நிறுத்திவிடலாம் என்பது முதலில் தோன்றும் தீர்வு. ஒரே வரி நிரலில் முடியும். ஆனால் அது திரைச்சீலைதான். இணைய வரைபடத்தில் தரவுக் கோப்பு முழுவதும் பார்ப்பவரின் உலாவிக்கு வந்து இறங்குகிறது. திரையில் மறைத்த எண்களைக் கோப்பைத் திறந்து எவரும் வாசிக்கலாம். எனவே கோப்பையே மாற்றினேன். வீட்டுப் புள்ளிகளை நீக்கிவிட்டுத் தெருத் தெருவாகத் தொகுத்தேன். எண்களுக்குப் பதில் முழங்கால், இடுப்பு, மார்பு என்று மூன்றே நிலைகள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து முதலில் வந்தது, எது கடைசியாக வடிந்தது, எந்த மதகு அடைத்திருந்தது, படகு எதுவரை வர முடிந்தது என்பவற்றை மட்டும் துல்லியமாக விட்டேன். அவை ஊராரின் பிழைகள் அல்லவே. ஆற்றுக்குக் கரைக்கோடு வரையவில்லை. உயர் ஓதத்தில் ஒரு நிறம், தாழ் ஓதத்தில் ஒரு நிறம், நடுவே இரண்டும் கலந்த பட்டை.

மதிப்பீட்டில் நல்ல மதிப்பெண் கிடைத்தது. தரவின் நுணுக்கம் போதவில்லை, வீட்டு அளவில் காட்டியிருந்தால் பயன் கூடியிருக்கும் என்று ஒரு குறிப்பும் வந்தது. பாடத்தின் நோக்கில் அது சரியான குறிப்புதான். பதில் எழுத இடம் இருந்தது, எழுதவில்லை.

வீட்டுப் புள்ளிகள் உள்ள முழுப் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்து, பெரியம்மா இருக்கும் மகளிர் குழுவிடம் கொடுத்தேன். எந்த வீட்டில் படுத்த படுக்கையான முதியவர், எந்த வீட்டில் கைக்குழந்தை என்பதை அவர்களே பேனாவால் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு தெருக்களின் பெயர்களைத் திருத்தியும் இருக்கிறார்கள். குழுவின் கணக்கு நோட்டுகளோடு அது பீரோவில் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கும்போது எடுத்துப் பார்ப்பார்களாம்.