இருபத்தைந்து ரூபாய்

எங்கள் ஊர் சுந்தரபாண்டியத்துக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மேற்கே மலை, ஊருக்குள் தறிச் சத்தம். ஆனாலும் எங்கள் வீட்டில் ஒரு கப்பல் கதை உண்டு.

சுதேசிக் கப்பலுக்குப் பங்கு சேர்த்த காலத்தில், என் பூட்டனார் 25 ரூபாயை மடியில் முடிந்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நடந்தாராம். ஒரு பங்கின் விலை அதுதான். என்ன நினைத்தாரோ, கடைத்தெருவில் நூல் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். "கப்பலில் போடாமல் தறியில் போட்டாரே, அதனால்தான் கஞ்சி குடிக்கிறோம்" என்று பாட்டி சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சென்ற மாதம் ஒட்டப்பிடாரம் போயிருந்தேன். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872-இல் பிறந்த வீடு இப்போது அரசாங்க நினைவில்லம். உள்ளே நுழையும்போது அந்தப் பெருமை வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

கரிசல் காட்டு ஊர். இங்கிருந்தும் கடல் தெரியாது. வக்கீல் தொழிலுக்காகத் தூத்துக்குடி போனவர் பிள்ளை. அந்தக் கரையில் தச்சர்கள் பாய்மரத் தோணி கட்டுவார்கள். கொழும்புக்குச் சரக்கேற்ற அது போதும். நீராவிக் கப்பலோடு மல்லுக்கு நிற்கப் போதாது. ஆகவே 1906-இல் பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில் கம்பெனி தொடங்கி, 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களை அயல்நாட்டிலிருந்து வாங்கினார்கள். வாங்கியதோடு நிற்க உத்தேசமில்லை. கப்பல் கட்டும் துறையும் மாலுமிப் பயிற்சியும் நம் கையில் வேண்டும் என்று கம்பெனியின் நோக்கங்களிலேயே சேர்த்துவிட்டார்கள். என்ன துணிச்சல், பாருங்கள்!

வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக்காரர்களும் குறைத்தார்கள். கடைசியில் எதிராளி இலவசமாக ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். குடைக்கு ஆசைப்பட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நூலுக்கு ஆசைப்பட்ட வம்சம்.

அந்த நூலும் எந்த ஆலையில் நூற்றதோ! தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவரும் பிள்ளைதான். அது 1908 பிப்ரவரியில். மார்ச்சில் கைதானார். 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது கம்பெனியே இல்லை. கோயமுத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டியில், காந்தி மண்டபத்தில் இருக்கிறது. கப்பல்தான் எங்கும் இல்லை.

வெளியே திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம், சுந்தரபாண்டியம்."

"அங்கேருந்தும் பங்கு வாங்கியிருப்பாகளே?"

"வாங்கப் புறப்பட்டாக, தாத்தா" என்றேன்.