அரைமணி நேரம்

பூம்பாறைக்கு அப்பால், பூண்டுத் தோட்டங்களின் நடுவே எங்கள் சிற்றூர். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டில், பள்ளி மணி அடிக்கும் முன்னரே மாலைப் பேருந்து போய்விடும். கட்டணமில்லாப் பயண அட்டை கையில் இருந்தும், பிள்ளைகள் மூடுபனியில், காட்டெருமைகள் நடமாடும் வழியே நடந்தார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் மலைப்பிள்ளைகளுக்குப் பேருந்தே பள்ளியின் வாசல்.

அரைமணி நேரம் தாமதித்துப் புறப்படுமாறு பெற்றோர் கூடி மனு எழுதினோம். அதே பேருந்தில் வீடு திரும்பும் கூலிவேலைப் பெண்கள் மறுப்பார்களோ என்று அஞ்சினேன். குளிர் அவர்களுக்கும் உண்டல்லவா? முதல் கைநாட்டு அவர்களுடையதே. “நாங்க நிக்கிறோம்யா; புள்ளைங்க நடக்க வேணாம்” என்றார் ஒரு மூதாட்டி.

நேரம் மாறியது. பனியில் காத்து நிற்கும் அப்பெண்களைக் காணும்போதெல்லாம், என் மகளின் படிப்புக்கு அவர்கள் செலுத்திய கட்டணம் நினைவுக்கு வருகிறது.