மாமாவின் மாட்டுக் கொட்டகை

தேக்கா நிலையத்தை ஒட்டி இருக்கிறது பஃபலோ சாலை. காய்கறிக் கடைகள் நிறைந்த அந்தச் சாலையில் இன்று தேடினாலும் ஓர் எருமை கிடைக்காது. அருகிலேயே கெர்பாவ் சாலை. 'கெர்பாவ்' என்ற மலாய்ச் சொல்லுக்கும் எருமை என்றுதான் பொருள். சற்றுத் தள்ளியிருக்கும் பெலிலியோஸ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே கால்நடை வணிகம் செய்த ஒருவரின் பெயரைத் தாங்கியுள்ளது. கேகே மருத்துவமனையின் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் 'கண்டாங் கெர்பாவ்' என்பதன் சுருக்கமே. எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். குழந்தைகள் பிறக்கும் மருத்துவமனைக்கு இப்படியும் ஒரு பெயர்!

இந்தப் பெயர்கள் சும்மா வந்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலை வட்டாரம் மாடுகளின் ஊராகவே இருந்தது. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலத்தில் புல்லும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்தன. வண்டி இழுக்கவும், இறைச்சிக்காகவும், பாலுக்காகவும் இங்கே மாடுகள் வளர்க்கப்பட்டன. தமிழர்களும் வட இந்தியர்களும் பால் தொழிலில் ஈடுபட்டனர். ஊரிலிருந்து ஒருவர் வந்து நாலு மாடு வைத்து நிலைத்துவிட்டால், அவருக்குப் பின்னால் தம்பியோ மைத்துனரோ வருவது அக்கால வழக்கம். மாட்டுத் தொழில் ஒரு கையால் ஆகிற வேலை அல்ல. வீட்டுப் பிள்ளைகளும் உறவுக்காரப் பிள்ளைகளும் அதில் ஒத்தாசை செய்தார்கள்.

1930ஆம் ஆண்டுவாக்கில், பள்ளி விடுமுறையில் மாமாவின் கொட்டகைக்கு உதவப் போன ஒரு சிறுவனை நினைத்துப் பாருங்கள். விடுமுறை அவனுக்குத்தான், மாடுகளுக்கு இல்லை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே, "மாப்ளே, எழுந்திரு" என்று மாமா அவன் காலைத் தட்டுகிறார். அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் அவன் முதலில் சாணத்தை அள்ளித் தரையைக் கழுவுகிறான். பிறகு கன்றை அவிழ்த்து விடுகிறான். கன்று முட்டி முட்டிக் குடித்தால்தான் தாய்க்குப் பால் சுரக்கும். சுரந்ததும் கன்றை இழுத்துத் தாயின் முகத்தருகே கட்ட வேண்டும். இதுதான் சிறுவனுக்குக் கடினமான வேலை. கன்றுக்கு வலிமை அதிகம் என்பதால் மட்டுமன்று, அது அவனைப் பார்க்கும் பார்வையாலும்தான்.

"பாவமா இருக்கு மாமா."

"எனக்கு மட்டும் இல்லையா? அதுக்குத்தான் ஒரு காம்பை விட்டு வைக்கிறேன்."

நல்ல பால்காரர் மடியைக் கழுவி, விரலில் எண்ணெய் தொட்டு, நான்கு காம்புகளில் மூன்றைக் கறப்பார். மீதியைக் கன்றுக்கு விடுவார். நாலாவது காம்பையும் கறந்தால் அன்றைக்குக் கூடுதலாகக் காசு கிடைக்கும். ஆனால், கன்று மெலிந்து செத்துப்போனால் தாயும் பால் தர மறுக்கும். இரக்கமும் கணக்கும் ஒரே இடத்தில் சந்திக்கும் தொழில் அது.

பால் இளஞ்சூட்டோடு வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில், நம் வெப்பத்துக்குப் பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். அதனால் மாமா பால் பாத்திரங்களோடு கிளம்பியதும் சிறுவன் அரிவாளை எடுத்துக்கொண்டு புல் அறுக்கப் போகிறான். ஈரப்புல்லின் கட்டைத் தலையில் தூக்கி வந்தால் கழுத்து வலிக்கும். ஒரு பசு ஒரு நாளில் தின்னும் பச்சைப் புல்லின் எடை, பத்து வயதுச் சிறுவனின் எடையைவிடக் குறையாது. அதற்குமேல் தவிடும் புண்ணாக்கும் வேறு. மத்தியானம் குளிப்பாட்ட வேண்டும். சாயங்காலம் மீண்டும் ஒரு முறை கறக்க வேண்டும். படுக்கப் போகும்போது அவன் கையில் ஒட்டியிருக்கும் வாடை, எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாது.

பாலில் தண்ணீர் கலந்தவர்களும் இருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பால்மானி என்ற கருவி உண்டு. நாணயமான பால்காரருக்கோ வாடிக்கையாளர் வீட்டு அம்மாவின் நாக்குதான் பால்மானி.

நகரம் வளர வளர, வீடுகள் கொட்டகைகளை நெருங்கின. கழிவும் ஈயும் துர்நாற்றமும் நோய் அச்சத்தைத் தந்தன. 1936ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின்கீழ், அந்த வட்டாரத்தில் மாட்டுக் கொட்டகைகளுக்குத் தடை வந்தது. நெருக்கமாக மக்கள் வாழும் இடத்தில் அந்தத் தடை தேவையானதுதான். அதை மறுப்பதற்கில்லை. ஆனால், கொட்டகையைப் பிரித்த கைகளுக்கு அந்த நியாயம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும்? மாடுகளை விற்றவர்கள் வேறு வேலை தேடினார்கள். விற்க மனமில்லாதவர்கள் நகருக்கு வெளியே இடம் பார்த்தார்கள். வெளியே போனால் வாடிக்கையாளர் வீடு தூரமாகும். இன்னும் முன்னதாக எழுந்து கறக்க வேண்டும். உதவிக்கு வந்த மருமகனும், பள்ளியை விட்டு அவ்வளவு தூரம் நினைத்தபோது வர முடியாது.

இப்போது சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. பண்ணைகள் பெரும்பாலும் லிம் சூ காங், கிராஞ்சிப் பகுதிகளில் இருக்கின்றன. ஆனாலும், பொங்கல் சமயத்தில் மாடுகள் தங்கள் பழைய பேட்டைக்கு வருகின்றன. லாரியில் வந்து இறங்கி, லிட்டில் இந்தியாவில் போடப்பட்ட தற்காலிகத் தொழுவத்தில் வைக்கோல் மெல்லுகின்றன. பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். சிலர் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். சில முதியவர்கள் மட்டும் தடுப்புக்குள் கையை நீட்டி, பசுவின் கழுத்துக்குக் கீழே தொங்கும் சதையைச் சொறிந்துவிடுகிறார்கள். பசுவும் கண்களை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கொடுக்கிறது.