ஓய்வு பெறும் பெருங்கணினி

பழமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் சிலர் கைகூப்புவர். சிலர் முகம் சுளிப்பர். பொருளின் பயனை ஆராய்ந்து மதிப்பிடுவோர் மிகச் சிலரே. மெயின்பிரேம் என வழங்கும் பெருங்கணினியைப் பற்றி மக்கள் பேசக் கேட்கும்போதெல்லாம் இவ்வுண்மை எனக்கு நினைவுக்கு வரும். "அது இன்னுமா இருக்கிறது?" என்று இளைஞர் நகைப்பர். அந்நகைப்பு முறையானதுதானா என்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

மின்னணுக் கணினியை உலகம் முதலில் அச்சங் கலந்த வியப்புடனேயே நோக்கியது. 1946ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் கணினி மக்களுக்கு அறிமுகமாயிற்று. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களும் 30 டன் எடையும் கொண்ட அப்பொறி, ஒரு நொடியில் 5,000 கூட்டல்களைச் செய்ய வல்லது. செய்தித்தாள்கள் அதனை 'மாபெரும் மூளை' என்று போற்றின. அது தானே சிந்திக்குமோ என்று மக்கள் மருண்டனர். மனிதர் வகுத்த நெறியில் கணக்கிட்டதன்றி அது வேறொன்றும் அறியாது. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இரவு 11.45 மணிக்கு அதற்குரிய மின்னோட்டம் நிறுத்தப்பட்டது. அதன் பகுதிகள் சில இன்று காட்சிப்பொருள்களாக விளங்குகின்றன.

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், ஐ.பி.எம். நிறுவனம் '360' என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அதற்குமுன், கணினியை மாற்றினால் நிரல்களையும் பெரும்பாலும் புதிதாக எழுத வேண்டும். இக்குடும்பத்திலோ, சிறு கணினிக்கு எழுதிய நிரல் பெருங்கணினியிலும் இயங்கியது. பின்வந்த தலைமுறைகளும் அவ்வியல்பைப் பேணின. ஆகவே, பொறிகள் மாறினும் நிரல்கள் நிலைத்தன. மனிதன் நிலவில் கால் பதித்த அப்பல்லோப் பயணங்களுக்கும் ஹூஸ்டன் நகரில் இக்குடும்பக் கணினிகள் துணைநின்றன.

அவ்விண்வெளிப் பயணங்களை நடத்திய நாசா நிறுவனம், 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில், தன் கடைசிப் பெருங்கணினிக்கு ஓய்வளித்தது. அது அலபாமாவில் உள்ள மார்ஷல் விண்வெளி மையத்தில் இருந்தது. அச்செய்தி கேட்டோருள் பலர், பெருங்கணினியின் காலமே முடிந்தது என எண்ணினர். ஒரு வீட்டில் விளக்கை அணைத்தால் ஊரே இருண்டுவிடுமா? 2025ஆம் ஆண்டிலும் ஐ.பி.எம். நிறுவனம் புதிய பெருங்கணினி ஒன்றை வெளியிட்டது. உலகின் பெரிய வங்கிகள் பலவற்றின் கணக்குகள் இத்தகைய பொறிகளிலேயே நாள்தோறும் நடைபெறுகின்றன. ஓர் உறுப்புப் பழுதுற்றால் மற்றோர் உறுப்பு அப்பணியை ஏற்கும்; பொறியை நிறுத்தாமலே பழுதுற்றதை மாற்றலாம். இடையறாது உழைக்கும் இவ்வியல்பே அதன் பெருமை.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில், அமெரிக்காவில் வேலையிழந்தோர் உதவித்தொகை வேண்டி அரசுகளை நாடினர். நியூ ஜெர்சி மாநிலத்தில் அவ்வேலைக்குரிய நிரல்கள், 1959ஆம் ஆண்டில் வடிவு பெறத் தொடங்கிய கோபோல் மொழியில் இருந்தன. அம்மொழி அறிந்தோர் உதவ முன்வர வேண்டும் என அம்மாநில ஆளுநர் வெளிப்படையாக வேண்டினார். மக்கள் பழைய பொறியின்மேல் பழி சுமத்தினர். ஆனால், அப்பொறியை அறிந்த தொழிலாளர் ஓய்வு பெற்றபோது, அவர்தம் இடத்திற்குப் புதியோரைப் பயிற்றாதது யார் குற்றம்? வருந்திக் காத்திருந்தோர் ஏழை மக்கள் அல்லரோ?

பெருங்கணினியைப் பேணும் தொழிலில் பல்லாண்டு உழைத்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் பணியாற்றிய வங்கியில் பழைய நிரல்களைப் புதிய பொறிக்கு மாற்றினர். ஒரு நிரலில் ஐந்து வரிகள், சில கணக்குகளுக்கு மட்டும் வட்டியை வேறு வகையாகக் கணித்தன. காரணம் ஒருவர்க்கும் தெரியவில்லை. அவற்றை நீக்கிவிடலாம் என்றனர் சிலர். நண்பர் இசையவில்லை, ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரைத் தேடிச் சென்று வினவினார். "முன்னாளில் நம்மோடு இணைந்த சிறிய வங்கி ஒன்றின் வைப்பாளர்க்கு நாம் கொடுத்த வாக்கு, தம்பி, அது" என்றார் அம்முதியவர். அவ்வைந்து வரிகளும் புதிய பொறியிலும் இடம் பெற்றன.

இதனைக் கேட்ட நாள்முதல், பழைய நிரலை வெறும் எழுத்துக் குவியலாக நான் எண்ணுவதில்லை. அதனுள்ளே ஒரு நிறுவனம் மக்களுக்கு அளித்த வாக்குறுதிகள் உறைகின்றன.

பழைய பொறிக்கு ஓய்வளித்தல் தவறன்று. செலவு மிகும்போதும், அதனினும் சிறந்தது கிடைக்கும்போதும் அது கடமையும் ஆகும். ஆயினும், வயதை மட்டும் கண்டு விலக்குதல் அறிவுடைமையன்று. அதன் உள்ளீட்டை ஆராயாது விலக்குதல் தீமையாகவும் முடியும். முதலில் அதனிடம் உள்ளதைக் கற்க வேண்டும். கற்றதைப் புதியதற்கு அளிக்க வேண்டும். அதன் பின்னரே விடைகொடுக்க வேண்டும். வியந்து அஞ்சுவதும் இகழ்ந்து நகைப்பதும் அறியாமையின் இருவேறு முகங்கள். அறிந்து மதிப்பதே அறிவின் பயன்.