சுவர் காய்ஞ்சுச்சா?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாங்கிய வீடு 1890களில் கட்டிய செங்கல் வரிசை வீடு. முன்னறைச் சுவரில் ஈரம் ஏறி, பெயிண்ட் செதில் செதிலா உதிர்ந்தது. ஆள் வைக்கப் பணம் இல்லை. சனிக்கிழமைகளில் நானும் மனைவியும் உளியோடு இறங்கினோம்.

வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்த அப்பா காரைக்குடியிலிருந்து சொன்னார்: "தம்பி, யாரோ மேல சிமெண்ட் பூசியிருக்கான். தட்டி எடுத்துட்டு சுண்ணாம்பு பூசு."

விசாரித்தால், சரிதான். அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் இரட்டைச் சுவர், நடுவில் இடைவெளி எல்லாம் கிடையாது. குடித்த ஈரத்தைச் சுவரே வெளியே விடணும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். உங்க வீடும் அந்த வயசுன்னா, சிமெண்ட் மூட்டை வாங்கும் முன் யோசியுங்க.

கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று பூச்சு பூசினோம். சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும் என்று ஈரச்சாக்கு தொங்கவிட்டோம்.

"தாத்தா, உங்க வீட்லயும் இந்தச் சுவரா?" என்றாள் மகள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருந்துச்சு தாயி. கடுக்காய்த் தண்ணி விட்டு அரைச்ச சுண்ணாம்பு. சித்திரை வெயில்லயும் குளுகுளுன்னு இருக்கும். நான்தான் இடிச்சுட்டு சிமெண்ட் வீடு கட்டினேன்."

அவர் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இப்போது போனில் எங்களை விசாரிக்கும் முன், "சுவர் காய்ஞ்சுச்சா?" என்கிறார். மகள் போனைச் சுவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுவாள். பின்னறையை இன்னும் தொடவில்லை. மே மாதம் அவருக்கு டிக்கெட் போட்டாச்சு.