தலைமடையைத் தேடி

கருமாரியம்மனைத் தேடி வரும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் திருவேற்காட்டில் கூவத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டுவதோடு சரி. அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஆற்றுக்கு வர வேண்டிய தண்ணீர் எங்கே போகிறது? பைக்கை எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்பினார்.

விடை அரக்கோணம் பக்கம், கேசவரம் அணைக்கட்டில் இருந்தது. கொசஸ்தலையாற்றிலிருந்து கூவம் பிரியும் இடம் அது. வெள்ளம் வந்தால் முதல் பங்கு சென்னையின் குடிநீருக்காகப் பூண்டிக்கு, மிஞ்சினால்தான் கூவத்துக்கு. அதிலும் வழியில் கொரட்டூர் அணைக்கட்டு ஒரு பகுதியைச் செம்பரம்பாக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. கூவம் நாறுவதற்குச் சாக்கடையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அங்கிருந்து பூண்டி. 1944-இல் கட்டிய சத்தியமூர்த்தி சாகர். அதற்கும் வடக்கே, ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ‘ஜீரோ பாயிண்ட்’. ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் வரும் கால்வாய் இங்கேதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பூண்டிக்கு இன்னும் 25 கிலோமீட்டர். கூவத்திடம் அதிகாரம் காட்டிய மாநகரம் இந்த இடத்தில் கைகட்டி நிற்கிறது.

இந்தத் தண்ணீருக்காக 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் ஒப்பந்தம் போட்டார்கள். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆளுக்கு 5 டிஎம்சி கிருஷ்ணா நீரை விட்டுக்கொடுக்க முன்பே சம்மதித்திருந்தன. ஆவியாவது போக எல்லையில் 12 டிஎம்சி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4, ஜூலை முதல் அக்டோபர் வரை 8. தண்ணீர் பூண்டியை எட்டியது 1996-இல்தான். சத்திய சாய்பாபா அறக்கட்டளை கால்வாயைச் சீரமைத்த பிறகு வரத்து கூடியது உண்மை. ஆனாலும் 12 முழுதாக வந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை.

இத்தனைக்கும் இது ஒரே நாட்டுக்குள் நடப்பது. தீர்ப்பாயம் உண்டு, உச்ச நீதிமன்றம் உண்டு. நாடுகளுக்கு இடையே, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஒழிய, அதுவும் கிடையாது. 1990 ஜனவரியில் அத்தாதுர்க் அணையை நிரப்பத் துருக்கி யூப்ரடீஸை ஒரு மாதம் நிறுத்தியது. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நிறுத்தியது; அதனால் கீழே இருந்த சிரியாவுக்கும் இராக்குக்கும் ஆத்திரம் குறைந்துவிடவில்லை. 1997-இல் பன்னாட்டு ஆறுகளுக்கான உடன்படிக்கை ஐ.நா.வில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்தவை மூன்றே நாடுகள்: துருக்கி, சீனா, புருண்டி. மூன்றும் தலைமடை நாடுகள்!

தலைமடைக்காரன் கைதான் எப்போதும் ஓங்கும் என்றும் சொல்ல முடியாது. நைல் நதியில் கடைமடையான எகிப்து 1959-இல் சூடானோடு உட்கார்ந்து ஆண்டுக்கு 5,550 கோடி கனமீட்டரைத் தன் பங்காக எழுதிக்கொண்டது. ஆற்றுநீரில் பெரும்பகுதியைத் தரும் எத்தியோப்பியாவை யாரும் கேட்கவில்லை. பணமும் படையும் இருந்தால் பள்ளத்தில் இருந்தபடியே மேட்டை மிரட்டலாம்.

ஊத்துக்கோட்டை டீக்கடையில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசிய விவசாயி ஒருவரிடம், கால்வாய் வரும் வழியில் மோட்டார் வைத்துத் தண்ணீர் எடுக்கிறார்களாமே என்று திருவேற்காட்டுக்காரர் மெல்லக் கேட்டார்.

“எடுப்பாங்க சார். வாசல்ல தண்ணி போவுது, உள்ள பயிர் காயுது, சும்மா இருப்பீங்களா? ஸ்ரீசைலம் நெறையணும், சோமசீலா நெறையணும், கண்டலேறு நெறையணும். அப்புறம் எங்க ஆளுங்க. அதுக்கப்புறம்தான் மெட்ராஸு.”