உடைந்தது கரை, பழியோ ஆண்டவன் மேல்!

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே, ஏரிக்கரைக்குக் கீழே குடியிருக்கும் ஊர்கள் பல. நாம் பாடம் சொல்லும் பள்ளியும் அப்படித்தான். கரையிலிருந்து கூப்பிடு தூரம். கரையைக் காப்பவர் முனியப்பன் என்பது ஊராரின் எண்ணம். ஆண்டுக்கு ஒரு கிடா வெட்டுகிறார்கள்.

சென்ற கிழமை கரைமேல் நடந்தோம். மிகுநீர் வழிந்தோடும் கோடியின் குறுக்கே, மீன் குத்தகைக்காரர் வலை கட்டியிருந்தார். தழையும் முள்ளும் நெகிழிப் பையும் அதிலே அடைந்து கிடந்தன. ஆபத்தல்லவா என்றோம். உடன் வந்த பெரியவர் சிரித்தார்: "முனியப்பன் இருக்காருங்க வாத்தியாரே!"

அவருக்கு ஒன்று சொன்னோம். கதையல்ல, நடந்தது.

அமெரிக்காவிலே, பென்சில்வேனியா மாநிலத்திலே, மலைமீது ஒரு மண்ணணை. உயரம் ஏறத்தாழ 72 அடி. கால்வாய்ப் படகுகளுக்கு நீர் தர அரசு கட்டியது. இரயில் வந்தது, கால்வாய் வேலையற்றுப் போயிற்று, அணை தனியார் கைக்கு மாறிற்று. 1879-இலே அது செல்வச் சீமான்களின் மீன்பிடி வேட்டைச் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. கார்னெகி உறுப்பினர், ஃபிரிக் உறுப்பினர். கோடையிலே படகு விட, தூண்டில் போட, களித்திருக்க ஓர் ஏரி! அடியிலே இருந்த வடிகுழாய்களை முன்னிருந்த உடைமையாளர் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்றிருந்தார். சீமான்கள் மீண்டும் பதிக்கவில்லை. வண்டிகள் செல்லக் கரையின் தலையைச் சீவித் தாழ்த்தினர். காசு கொடுத்து வாங்கி விட்ட மீன் ஓடிவிடலாகாதே! மிகுநீர் வழியிலே கம்பித் தட்டி அடித்தனர்.

கீழே, 14 மைல் தொலைவிலே, ஜான்ஸ்டவுன். இரும்பாலைத் தொழிலாளரின் ஊர்.

1889 மே 31. பேய்மழை. தட்டியிலே குப்பை அடைத்தது. நீர் கரையேறி வழிந்தது. மண்கரையின் தலைமேல் நீர் ஏறினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர் உழவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? பிற்பகல் 3 மணிக்குமேல் அணை உடைந்தது. ஒரு மணி நேரத்திலே வெள்ளம் ஊருக்குள். மாண்டவர் 2,209 பேர். யாரென்று அறியப்படாமலே புதைக்கப்பட்டவர் 700-க்கும் மேல்.

வழக்குப் போட்டனர். சங்கத்திடமிருந்து ஒரு காசும் பெயரவில்லை. கடவுளின் செயலாம்! குழாயைப் பதிக்காதது கடவுளா? தட்டி அடித்தது கடவுளா? கார்னெகி பிறகு அவ்வூருக்கு நூலகம் கட்டித் தந்தார். நல்லதுதான், படிக்க 2,209 பேர் குறைந்திருந்தனர்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஊர்ல முனியப்பன் இல்லீங்களே" என்றார். சிரிப்பதா, அழுவதா? ஆனால் மறுநாள் நாம் ஊராட்சிக்கு எழுதிய மனுவிலே, முதல் கைநாட்டு அவருடையதுதான்.

புரட்டாசி பிறந்துவிட்டது. வலை இன்னும் அவிழவில்லை.